அட்மின் பாஸ்வேர்டு யார் கையில்?

கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு என்று ஊருக்குள் ஒருமுறை பேர் வாங்கிவிட்டால், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நம்முடையது இல்லை. வானூர் பக்கம் என்னிடம் வரும் லேப்டாப்புகள் இரண்டு வகை. ஒன்று, பாண்டிச்சேரியிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பையன்களுக்கு ஆபீஸில் கொடுத்தது. இன்னொன்று, மூடியில் அரசாங்க முத்திரை போட்ட இலவச லேப்டாப். முதல் வகைக்காரர் சொல்வது: "அண்ணே, இதுல ஒரு பிரிண்டர் கூட போட முடியல. எதைத் தொட்டாலும் அட்மின் பாஸ்வேர்டு கேக்குது. அந்தப் பூட்டை எடுத்து விடுங்க." இரண்டாம் வகையைக் கொண்டு வருவது பெரும்பாலும் அம்மா அல்லது அப்பா. அவர்கள் சொல்வது: "தம்பி, பையன் எதை எதையோ ஏத்தி மெஷினே படுத்துடுச்சு. அவன் எதையும் தொட முடியாத மாதிரி பூட்டிக் குடுப்பா."

ஒருத்தருக்குத் திறக்கணும், ஒருத்தருக்குப் பூட்டணும். முதல் வேலையை நான் செய்வதில்லை (அது உங்க கம்பெனி சொத்து ராசா). இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்துத்தான் செய்வேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. பிழைப்புக்கு நான் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே வேலை. ஒரு சிறு நிறுவனத்தின் முப்பத்திச் சொச்சம் லேப்டாப்புகளில் யார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று விதி எழுதி வைக்கணும். இதற்கு பாலிசி என்று பெயர். எல்.ஐ.சி. பாலிசி இல்லீங்க :-)

முதல் பூட்டு, முதல் திருட்டு

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்தது 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவர் தலைமையில் சி.டி.எஸ்.எஸ். என்று ஒரு அமைப்பு செய்தார்கள். ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். பல பேர் புழங்கும் இடம் என்றாலே உன் பெட்டி, என் பெட்டி என்று பிரிக்க வேண்டுமே? அதற்குத்தான் பாஸ்வேர்டு.

பூட்டு வந்த ஜோரிலேயே திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். போதவில்லை. 1962-ல் பாஸ்வேர்டு இருந்த கோப்பையே அச்சடித்துத் தரச் சொல்லி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தார். அதுவும் சமர்த்தாக அடித்துக் கொடுத்துவிட்டது. ரொம்ப வருஷம் கழித்து அவரே இதைச் சொன்னார். பூட்டு எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு பேர் அதைச் சுற்றிப் போக வழி தேடுவார்கள் என்ற பாடம் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

அடுத்து யுனிக்ஸ். அதில் எல்லாம் செய்ய வல்ல ஒரே ஆள், பெயர் ரூட். மற்றவர்கள் எல்லாம் சாதாரண குடிமக்கள். இதில் ஒரு சிக்கல். சின்னதாக ஒரு வேலைக்கு அதிகாரம் வேண்டும் என்றாலும் ரூட் பாஸ்வேர்டையே கொடுத்தாக வேண்டும். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் 'சூடோ' என்ற சின்ன நிரலை எழுதினார்கள். இன்னார் இன்ன வேலையை மட்டும் ரூட் மாதிரி செய்யலாம், செய்ததெல்லாம் பதிவாகும். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் இன்றைக்கும் தினம் அதைத்தான் அடிக்கிறார்கள்.

நம்ம ஊர்க் கருவூலத்தில் இதே யோசனை கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இருந்தது. பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஒரு அலுவலரிடம், இன்னொன்று வேறொருவரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். யாரையும் சந்தேகப்பட்டு வைத்த ஏற்பாடு இல்லை. ஒருத்தர் கையில் எல்லாம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இந்த இரட்டைப் பூட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எஸ்கேப் அடித்தால் உள்ளே

விண்டோஸ் 95, 98 காலத்து ஆட்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வரும். எஸ்கேப் பட்டனை அடித்தால் பெட்டி போய்விடும், நாம் உள்ளே! வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருத்தருக்குத்தான் என்ற நினைப்பில் செய்தது அது. அதையே கொண்டுவந்து பிரவுசிங் சென்டரில் வைத்தால் என்ன ஆகும்? சென்டர் நடத்தியவர்கள் சி டிரைவை மறைத்தார்கள், கண்ட்ரோல் பேனலை மறைத்தார்கள், 'ரன்' கட்டளையை எடுத்தார்கள். பையன்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அட்ரஸ் பாரில் சி என்று அடித்து ஒரு கோலன் போட்டு உள்ளே போனார்கள். கடைசியில் பல இடங்களில் டீப் ஃப்ரீஸ் போட்டுவிட்டார்கள். நீ என்ன வேணா பண்ணிக்கோ, ரீஸ்டார்ட் பண்ணினால் எல்லாம் பழையபடி.

ஆபீஸ் உலகத்தில் வேறு பாதை. 1996-ல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0-வில் சிஸ்டம் பாலிசி என்று ஒன்று இருந்தது. 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வந்தபோது அது குரூப் பாலிசியாக வளர்ந்தது. என் வேலையில் பாதி இதில்தான் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

நடுவில் ஒரு சர்வர். அதில் ஆக்டிவ் டைரக்டரி என்ற பேரேடு. யார் யார் ஊழியர், எந்தெந்த மெஷின் நம்முடையது என்று எல்லாம் அதில் இருக்கும். விதியை அங்கே ஒருமுறை எழுதினால் போதும். ஒவ்வொரு மெஷினும் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை "புது விதி ஏதாவது உண்டா?" என்று தானே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மொய்க்காமல் இருக்க, அதோடு 30 நிமிஷம் வரை முன்பின்னாகக் கூட்டிக்கொள்ளும். (ரேஷன் கடையில் தெருவாரியாக டோக்கன் கொடுப்பது மாதிரி.)

விதிகள் அடுக்கடுக்காக வரும். முதலில் மெஷினில் உள்ளது, அப்புறம் இடத்துக்கானது, அப்புறம் மொத்த நிறுவனத்துக்கானது, கடைசியாக அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கானது. இரண்டு விதி மோதினால் கடைசியில் வந்தது ஜெயிக்கும். அதாவது பிரிவின் பேச்சு தலைமையின் பேச்சை வெல்லும், தலைமை "இதை மாற்றவே கூடாது" என்று தனியாக முத்திரை குத்தியிருந்தால் ஒழிய. நம்ம அரசாங்க நடைமுறையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கு இல்ல? தாலுகா ஆபீஸ் சொல்வது கோட்டையின் பேச்சை வெல்லும் ஊர் ஒன்று உண்டு என்றால் அது குரூப் பாலிசிதான்.

எல்காட் கதை

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே அரசாங்கக் கம்ப்யூட்டர் என்றாலே எல்காட். 1977-ல் தொடங்கிய அரசு நிறுவனம். 2007 வாக்கில் அதன் நிர்வாக இயக்குனராக இருந்தவர் சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். திருவாரூரில் கலெக்டராக இருந்தபோதே அலுவலகங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பேர் வாங்கியவர். எல்காட் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கும் கம்ப்யூட்டர்களையும் அதே பாதையில் திருப்பினார். லைசென்ஸ் காசு மிச்சம் என்பது ஒரு காரணம். வைரஸ் தொல்லை குறைவு என்பது இன்னொன்று. சாதாரண பயனருக்கு ரூட் அதிகாரம் இல்லாத அமைப்பு லினக்ஸில் பிறவியிலேயே இருக்கிறது அல்லவா?

அதே 2007 ஜனவரியில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அந்தக் காலத்துப் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்திலும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கிடையாது, ஸ்டார் ஆபீஸ்தான். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். (வெளியே டி.டி.பி. சென்டரில் போய் "ஸ்டார் ஆபீஸ் தெரியும்" என்று சொல்லி முழித்த தலைமுறை அது.)

2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்னால், எக்ஸ்பிக்குப் பதிலாக பாஸ் லினக்ஸ் போடும்படி தமிழக அரசு துறைகளுக்கு உத்தரவு அனுப்பியது. காகிதத்தில் எழுதிய பாலிசி. காகிதத்தில் எழுதியது மெஷினுக்குள் போக ஒரு வழி வேண்டும். 90 நிமிஷத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கும் ஏற்பாடு காகிதத்துக்கு இல்லை. ஆள்தான் போய் ஒவ்வொரு மெஷினாகப் போடணும்.

கொடுத்ததா, கொடுத்து வைத்ததா?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டத்தில் முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு. ஏசர், லெனோவோ, எச்.சி.எல். என்று பல கம்பெனி மெஷின்கள். ஒரே மெஷினில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும். திட்டம் 2020 வாக்கில் நிற்பதற்குள் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருந்தார்கள். அப்புறம் 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் என்று மறுபடி அறிவிப்பு வந்தது.

பக்கத்து மரக்காணத்தில் உப்பளத்தில் வேலை பார்க்கிற வீடுகளுக்கும் இந்த மெஷின் வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. 50 லட்சம் மெஷின் கொடுத்த அரசாங்கம், நினைத்திருந்தால் அட்மின் சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, மெஷின் "பள்ளிச் சொத்து, படித்து முடித்ததும் திருப்பிக் கொடு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூடியில் முதல்வர் படமும் முத்திரையும் இருந்தது, உள்ளே பையன்தான் ராஜா.

கேரளா வேறு மாதிரி செய்தது. அங்கே பள்ளிக் கணினிக் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பு கைட் (முன்பு ஐ.டி. அட் ஸ்கூல்). 2018-ல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப் கொடுத்தார்கள். மெஷின் வகுப்பறையோடது, மாணவனோடது இல்லை. அவர்களே தயாரித்த லினக்ஸ்தான் எல்லாவற்றிலும். அதனால் பழுது பார்ப்பது, புதுப் பதிப்பு போடுவது எல்லாம் ஒரே மாதிரி நடக்கும். நிர்வாகம் என்று பார்த்தால் கேரளாவுக்கு மார்க் அதிகம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து தட்ட, உப்பளத்துப் பிள்ளைக்கு மெஷின் இருந்தது தமிழ்நாட்டில்தான்.

உப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. கடல் வாசலில், வெயில் தலையில், உப்பு காலடியில். ஆனாலும் அனுமதி இல்லாமல் அள்ளினால் குற்றம். தானாக விளைந்த உப்பை எடுத்தாலும் குற்றம்தான். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் அள்ளியது அதை எதிர்த்துத்தான். உப்பு வரி 1947-ல் போனது. அப்புறம் 10 ஏக்கர் வரை லைசென்ஸ் இல்லாமலே உப்பு எடுக்கலாம் என்று வந்தது. கையில் இருக்கிற பொருளைத் தொட இன்னொருத்தர் அனுமதி வேண்டும் என்றால் எப்படி இருக்கும் என்று இந்தக் கரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இலவச லேப்டாப்பை அந்தப் பெற்றோர் "பூட்டிக் குடுப்பா" என்று கேட்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பூட்டு கண்காணிப்பானபோது

பூட்டு எங்கே தப்பாகப் போகும் என்பதற்கு இரண்டு உதாரணம். ஒன்று சிரிப்பு, ஒன்று சீரியஸ்.

சிரிப்பு: 2013-ல் உத்தரப் பிரதேசத்தில் அகிலேஷ் யாதவ் அரசு மாணவர்களுக்கு எச்.பி. லேப்டாப் கொடுத்தது. திறந்தால் அகிலேஷ், முலாயம் படம். படத்தை எடுக்கப் போனால் மெஷினே படுத்துவிடும் என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. வால்பேப்பரைப் பூட்டுவது குரூப் பாலிசியில் ரொம்ப சாதாரண வேலை. புதிதாக அட்மின் ஆனவர்கள் முதலில் செய்து பார்ப்பதும் அதுதான். எதற்கும் உபயோகமில்லாத பூட்டு என்றாலும் போடுகிறவருக்கு ஒரு திருப்தி.

சீரியஸ்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம். சுமார் 2,300 மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்திருந்தார்கள். காணாமல் போனால் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள், அது தூரத்தில் இருந்தே கேமராவை இயக்கிப் படம் எடுக்கும். மாணவர்களிடமோ பெற்றோரிடமோ இதைச் சொல்லவில்லை. ஒரு மாணவன் தன் வீட்டு அறையில் இருந்தபோது எடுத்த படத்தை வைத்துப் பள்ளியில் அவனை விசாரித்தார்கள். அவன் கையில் இருந்தது மாத்திரை என்று நினைத்தார்கள், அவனோ மிட்டாய் என்றான். 2010 பிப்ரவரியில் வழக்கானது. தோண்டினால் 50,000-க்கும் மேல் படங்கள். அதே வருஷம் அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

அந்த மென்பொருள் திருட்டுப் பிடிக்க நல்ல கருவிதான். சொல்லாமல் வைத்ததுதான் வினை. விதியைச் சொல்லிவிட்டுப் போட்டால் அது நிர்வாகம். சொல்லாமல் போட்டால் வேவு.

பூட்டே இல்லாவிட்டால்?

"அப்போ எல்லாத்தையும் திறந்து விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். முடியாது. 2017 மார்ச் 14-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. போடாதவர்கள் போடவில்லை. மே 12-ல் வானாக்ரை வந்தது. உலகம் முழுக்க மெஷின்கள் பூட்டிக்கொண்டு பணம் கேட்டன. மே 15 திங்கட்கிழமை கேரளாவில் வயநாடு மாவட்டம் தரியோடு பஞ்சாயத்து ஆபீஸைத் திறந்தால் அங்கேயும் அதே செய்தி. லண்டன் ஆஸ்பத்திரிக்கு வந்த வியாதி மலையோரப் பஞ்சாயத்துக்கும் வந்துவிட்டது. "அப்டேட் தானாகப் போடு, தள்ளிப்போட விடாதே" என்ற ஒரே ஒரு பாலிசி இருந்தால் தப்பித்திருக்கக்கூடிய மெஷின்கள் எத்தனையோ.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் நின்றன. நம்ம ஊர் ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரி செய்ய ஒவ்வொரு மெஷினிடமும் ஆள் போக வேண்டியிருந்தது. வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்த மெஷின்களில் 48 இலக்க மீட்புச் சாவியும் வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரே விழுந்திருந்தால்? சாவி எல்லாம் ஒரே ஆணியில் மாட்டினால் அதுதான் கதி.

நான் போடும் விதிகள்

என் முப்பத்திச் சொச்சம் மெஷினுக்கு நான் வைத்திருப்பது ஆறே விதிதான். ஒன்று, தினசரி வேலைக்கு சாதாரண பயனர் கணக்கு, அட்மின் தனி. இரண்டு, அப்டேட் தானாகப் போடும், ஆனால் எல்லா மெஷினுக்கும் ஒரே நாளில் போகாது. முதலில் நாலு மெஷின், ஒரு வாரம் கழித்து மற்றவை. மூன்று, வட்டு பிட்லாக்கரில். நாலு, பென் டிரைவில் இருந்து எதுவும் தானாக ஓடாது. அஞ்சு, பத்து நிமிஷம் சும்மா இருந்தால் திரை பூட்டிக்கொள்ளும். ஆறு, கேமராவையோ மைக்கையோ தூரத்தில் இருந்து இயக்கும் எதுவும் மெஷினில் இருக்காது. இந்த ஆறாவது, ஊழியருக்கு இல்லை, எனக்கு நானே போட்டுக்கொண்ட பூட்டு. வால்பேப்பர்? குலதெய்வமோ குழந்தையோ தலைவரோ, அது அவங்க இஷ்டம்.

மீட்புச் சாவிகள் இரண்டு இடத்தில். ஒன்று சர்வரில், இன்னொன்று காகிதத்தில் அச்சடித்து உறை போட்டு பீரோவில். பீரோ சாவி கணக்காளர் அம்மாவிடம், உறையைப் பிரிக்க என் கையெழுத்து வேண்டும். கருவூலத்து இரட்டைப் பூட்டை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஆறு விதியையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, லேப்டாப் கொடுக்கும்போதே கையில் கொடுத்துவிடுவோம். "இது எதுக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத விதி அந்தப் பக்கத்தில் கிடையாது. ஏழாவதாக ஒன்று இருந்தது, காரணம் சொல்ல முடியாததால் தூக்கிவிட்டோம்.

இலவச லேப்டாப்புக்கு இது எதுவும் பொருந்தாது. அது நிறுவனத்தோடது இல்லை, பிள்ளையோடது. பெற்றோர் பூட்டச் சொன்னால் நான் செய்வது இவ்வளவுதான். பிள்ளைக்கு இரண்டு கணக்கு போட்டுக் கொடுப்பேன், ஒன்று சாதாரணம், ஒன்று அட்மின். இரண்டு பாஸ்வேர்டையும் அந்தப் பிள்ளையே அடிக்கும், நான் திரும்பி நின்றுகொள்வேன். தினமும் சாதாரணத்தில் நுழை, எதையாவது ஏற்றணும்னா மட்டும் அட்மின், ஏற்றுவதற்கு முன்னால் இது எங்கிருந்து வந்ததுன்னு ஒரு தடவை பார். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும். பூட்டிக் கொடுக்க அஞ்சு நிமிஷம் போதும். பெற்றோர் சில பேருக்கு வருத்தம்தான், ஆனால் அதே மெஷின் மறுபடி படுத்து வந்தது குறைவு.

அடுத்த பதிவில் சாதாரணக் கணக்கு, அட்மின் கணக்கு இரண்டும் போடுவது எப்படி என்று விண்டோஸுக்கும் பாஸ் லினக்ஸுக்கும் தனித்தனியாக எழுதுகிறேன். அதுவரைக்கும், பிரிண்டர் போடத் தெரியாத அந்த ஆபீஸ் தம்பிகள் தயவுசெய்து அவங்கவங்க ஐ.டி. டிபார்ட்மெண்டுக்கே போன் போடவும் :-)